கயிறு மட்டும் எங்களுக்கு

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கால் வலித்தால் அன்றைக்கே டாக்டர் வந்துவிடுவார். அந்த ஒருவர் நான் இல்லை, எங்கள் மாடு. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிப் பின்னி என் விரல்கள் மடங்காமல் போனபோது, என் வீட்டுக்காரர் தைலம் இருக்கிற அலமாரியைத் தாடையால் காட்டினார். மாடு லேசாக நொண்டிய அன்று, விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக்கு வண்டியை விரட்டிப் போய், மாட்டு டாக்டரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். மாட்டை அவர் கூப்பிடுவது ‘தாயி’ என்று. என்னைக் கூப்பிடுவது ‘ஏ புள்ள’ என்று.

சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் எனக்கு ஓர் உத்தரவு காத்திருக்கும்.

“வெடிமருந்துக் கையோட தாயியத் தொடாத. சோப்புப் போட்டுக் களுவிட்டு வா.”

அவருக்குச் சோறு போடுகிற கை கழுவிய கையா என்று இதுவரை அவர் கேட்டதில்லை.

போன தீபாவளிக்குத் தாயி நிறைசினை. அதற்கு முந்தைய ஈற்றில் தெருவில் யாரோ போட்ட வெடிக்கு அது மிரண்டு விழுந்ததில், கன்று செத்தே பிறந்திருந்தது. அந்த வருத்தத்தில் மனிதர் தலைமுடிகூட வெட்டாமல் திரிந்தார். அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போய், தீபாவளிக்கு யாரும் வெடிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எங்கள் தெருவில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகாத வீடு தேடினாலும் கிடைக்காது, எதிர்வீட்டு நர்ஸ் அக்காவின் வீட்டைத் தவிர. வருசம் பூராவும் நாம் செய்து அனுப்புவதை ஊர் உலகமெல்லாம் வெடிக்கும், நாம் மட்டும் மாட்டுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருக்கணுமா என்று கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. போனஸோடு கம்பெனியில் கொடுத்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வேறு என் கையில் இருந்தது.

நர்ஸ் அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணே, பாசம் மாட்டு மேலயா, பாலு மேலயா?”

“என்ன சிஸ்டர் இப்படிக் கேட்டுட்டீக? பாசம் இல்லாமயா பாலு வரும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மனுசன் மாட்டுக்கு அழுததை நான் கண்ணால் பார்த்தவள் என்று அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எனக்காக ஒருநாள்கூட அழாதவருக்கு நான் வக்காலத்து வாங்கிய கூத்தை என்னவென்று சொல்ல!

ஆனாலும் தெரு இறங்கிவந்தது. பிள்ளைகள் வெடிகளைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனார்கள். எங்கள் கிஃப்ட் பாக்ஸ் பரணுக்குப் போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் தாயி கன்று போட்டது, உயிரோடு. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே கன்றைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே வாலைத் தூக்கிப் பார்த்தார்.

“காளங்கன்னு” என்றார். அதன் பிறகு அழுகை நின்றுவிட்டது.

காளையைக் கட்டி உழுவதற்கு இங்கே யாரிடம் நிலம் இருக்கிறது? கன்று கொஞ்சம் தேறியதும் வியாபாரி வந்தார். பிள்ளை மாதிரி வளர்த்தது என்று இவர் சொல்ல, பிள்ளைக்குத் தகுந்தபடி விலையும் ஏறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“வேண்டாங்க. தெருவே வெடிக்காமக் காத்த கன்னுங்க.”

“வச்சு என்ன செய்ய? பாலையெல்லாம் அதுவே குடிச்சுப்போடும்.”

மாட்டையோ கன்றையோ விற்றால் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. வியாபாரி தன் கயிற்றைக் கட்டினார், இவர் நம் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். லோடு ஆட்டோவில் ஏற்றும்போது, கன்றுக்குக் கால் வழுக்கும் என்று தானே ஏறிச் சாக்கை விரித்தார். பார்த்து மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் கேட்டுக்கொண்டார். இந்தக் கரிசனத்தை என்ன கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது தாயியின் கத்தல். அந்தத் தொண்டைக்கு முன்னால் எங்கள் கம்பெனி வெடியெல்லாம் ஒன்றுமேயில்லை. சத்தம் போடாதே என்று அதனிடம் யார் போய்க் கும்பிடுவது? நர்ஸ் அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மாடு பாலையும் அடக்கிக்கொண்டது. மடி கல்லாகக் கட்டிவிட்டது.

மறுநாள் இவர் கன்றின் கயிற்றைக் கொண்டுவந்து தாயியின் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டார். மாடு கத்துவதை நிறுத்தியது. மோந்து பார்த்தது. பிறகு அந்தக் கயிற்றை நக்கத் தொடங்கியது, மேலிருந்து கீழாக, கன்றை நக்குவது மாதிரியே. செம்பில் பால் இறங்கும் சத்தம் கேட்டது.

“பாத்தியா புள்ள? பாசம் இல்லாமயா பாலு வரும்?”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். கறப்பதை நிறுத்தவில்லை.