தகடு பூட்டிய ஜீப்பில் மாப்பிள்ளை

என் கல்யாணத்தன்று காலை, மழையில் மலைச்சரிவிலிருந்து வழிந்த சேறு பூனாகலைப் பாதையை மூடிக் கிடந்தது. பெண் வீடு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கனடாவில் பனியைத் தள்ள வண்டிக்கு முன்னால் தகடு பூட்டுவதாக அங்கே இருக்கும் மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது.

"சேறுதானே, தள்ளிப் பாப்போம்டா" என்று, வெல்டிங் கடை வைத்திருக்கும் நண்பன் என் ஜீப்பில் இரும்புத் தகடு பொருத்தினான்.

பட்டு வேட்டியோடு ஓட்டினேன். சேறு ஒதுங்க ஒதுங்க, பின்னால் வந்த சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். கடைசிக் குவியல் மட்டும் அசையவில்லை. இறங்கிப் பார்த்தால், மறுபக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் சனங்களோடு, கல்யாணச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் மணப்பெண் மண்வெட்டியால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும். சும்மா உக்கார முடியலைங்க" என்றாள்.

நானும் இந்தப் பக்கமிருந்து அள்ள, வழி திறந்தது. சேறு அப்பிய கைகளோடு ஒன்றாகவே கோயிலுக்குப் போனோம். நான்தான் அவளைத் தேடிப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள்.