எட்டணாவும் கிரேஸ் அக்காவின் ரிகார்டும்

போன வாரம் என் மகள் ஒரு பழைய ரிகார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு எங்கள் செம்பாக்கம் வீட்டுக்கு வந்தாள். ஆபீஸில் யாரோ வீடு காலி பண்ணும்போது கொடுத்தார்களாம். இப்போது இதெல்லாம் மறுபடியும் ஃபேஷனாகிவிட்டதே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாம் காயலான் கடையில் போட்டதையெல்லாம் பிள்ளைகள் தேடித்தேடிப் பொறுக்குகிறார்கள். மூடியைத் திறந்தாள். ஒரு வாசனை வந்தது பாருங்கள், சூடேறிய தூசும் பழைய ரப்பரும் கலந்த வாசனை.

"ஊசி போயிருக்குப்பா. கார்ட்ரிட்ஜையே மாத்தணுமாம்" என்று போனை நீட்டினாள். கார்ட்ரிட்ஜ் என்றால் வேறொன்றுமில்லை, பிளேயர் கையின் நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கட்டைவிரல் அளவு டப்பி. திரையில் மூன்று படம், மூன்று விலை. "இருக்கறதுலயே சீப்பானது இது. இதுவே போதும்ல?"

"வேணாம்!" என்று நான் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குப்பா இவ்ளோ டென்ஷன் ஆவறீங்க? பாட்டு கேக்கறதுக்குத்தானே?"

பாட்டுக் கேட்பதற்குத்தான். ஏன் கத்தினேன் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட ஆபீஸில் ஹெட்கிளார்க். நல்ல மனிதர், ஜெபம் தவறாதவர். ஆனால் வீட்டுக்குள் யார் எந்தப் பையோடு நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்ளோ சொன்னான், எவ்ளோக்கு முடிச்ச?" என்ன விலை சொன்னாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "ஏமாந்துட்டியே." கொத்தமல்லிக் கட்டு முதல் குடை வரை நான் வாங்கி வந்த எதிலும் நான் ஏமாறாமல் இருந்ததில்லை. ஒருமுறை பஸ் டிக்கெட்டுக்கே "ஏமாந்த சோணகிரி" என்று பட்டம் வாங்கினேன். டிக்கெட்டில் எப்படி ஐயா பேரம் பேசுவது? வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியும், பாரிமுனை ஆபீஸில் நாலு பேர் என்னை சார் என்று கூப்பிட்ட பிறகும், அப்பா வாயிலிருந்து ஒரு "பரவால்லையே" வாங்கிவிட வேண்டும் என்ற வெறி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இதற்கும் ரிகார்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வருகிறேன்.

என் அக்கா கிரேஸ் சர்ச் பாடகர் குழுவில் பாடுவாள். ஒரு வருஷம் சர்ச்சுக்கு மதில் கட்டப் பணம் சேர்க்க, குழுவினர் பட்டணத்துக்குப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுகளைச் சின்ன ரிகார்டாகப் போட்டார்கள். அதில் ஒரு பாட்டில் இரண்டு சரணம் அக்கா தனியாகப் பாடியிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள, அவள் குரல் மட்டும். எல்லா ரிகார்டும் விற்றுப் போய் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

மறு வருஷம் அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. குரல் மட்டும் திரும்பி வரவில்லை. பேசினால் உடைந்த கரகரப்பு. பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். குழுவிலிருந்து அவளாகவே விலகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, பாட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஜெயசீலன் பெண் பார்க்க வந்தார். மாடம்பாக்கத்துக்காரர், ஸ்கூல் வாத்தியார். கூட அவருடைய அம்மா. அக்கா காபி கொடுத்து "எடுத்துக்கோங்க ஆன்ட்டி" என்றாள். அந்த அம்மா நிமிர்ந்து, "இன்னாம்மா, ஜலதோஷமா?" என்றார். அக்காதான் ஆபரேஷன் கதையைச் சொன்னாள். அந்த அம்மா "ப்ச், ப்ச்" என்று தலையை ஆட்டினார். ஜெயசீலன் மட்டும், "நல்லாப் பாடுவீங்கன்னு பாஸ்டர் சொன்னாரே" என்றார்.

"ரிகார்டு இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, போட்டுக் காட்டறேன்" என்றாள் அக்கா.

அவர்கள் போனபின் அக்கா என்னிடம் வந்தாள். "கல்யாணம் ஆவுதோ ஆவலையோ, அது வேற. நான் எப்பவுமே இப்படி இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்டா. ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்." அவள் எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல. எனக்கு நினைவு தெரிந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சாயந்திரமே பரணில் கிடந்த பிளேயரைத் தூசு தட்டியெடுத்து ரிகார்டைப் போட்டோம். கொசு முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ரேடியோ ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, "கார்ட்ரிட்ஜ் காலி சார். நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ள ஊறிப் பூடும். வேற வாங்கியாங்க, மாட்டிக்கலாம்" என்றார். கையில் ஆறு நாள்.

அக்கா டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தை என்னிடம் கொடுத்தாள். "நல்லதாப் பாத்து வாங்குடா."

புதன்கிழமை ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மவுண்ட் ரோடு கடை ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஃபேன் காற்று, டை கட்டிய ஆள். கம்பெனி கார்ட்ரிட்ஜை ஒரு நகைப் பெட்டி மாதிரி திறந்து காட்டினார். வைர ஊசியாம், ரிகார்டை உறுத்தாதாம். விலை சொன்னார். அக்கா கொடுத்த பணத்துக்கு அச்சு அசலாகச் சரியாக இருந்தது. "குறைச்சுக் குடுங்க" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. சொன்ன விலைக்கு வாங்கினால் நான் சோணகிரி அல்லாமல் வேறு யார்? படியிறங்கி நேரே மூர் மார்க்கெட்டுக்கு நடந்தேன்.

மூர் மார்க்கெட்டில் கிடைக்காதது அம்மா அப்பாதான் என்பார்கள். பழைய புத்தகம், கிளி, கோட்டு, ரேடியோ எல்லாம் ஒரே வரிசை. ஒரு கடைக்காரர் தீப்பெட்டி அளவு அட்டைப் பெட்டியை என் முன்னால் போட்டார்.

"இன்னா சார், அதே சாமான்தான். கம்பெனி பேருக்குக் கூட துட்டு குடுக்கணுமா நீ? எத்தினி கோயில் திருவிழாவுல பாடிக்கினு கீது தெரியுமா இது?"

"ரிகார்டு கெட்டுடாதே?"

"ரிகார்டு கெடறதுக்கு இது இன்னா சுத்தியலா?"

அவர் சொன்னதில் பாதிக்குக் கேட்டேன், மவுண்ட் ரோடு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு முடித்தேன். வெற்றி வீரனாகத் தாம்பரம் வண்டி ஏறினேன். வீட்டில் அப்பா கேட்டார், நான் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்லையே!" என்றார். அன்றைக்கு நான் இரண்டு தட்டு அதிகமாகச் சோறு சாப்பிட்டேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

மீதிப் பணத்தை நீட்டியபோது அக்கா வாங்கவில்லை. "நல்லதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"அதே சாமான்தான்க்கா."

சனிக்கிழமை ரிப்பேர்காரர் மாட்டிக் கொடுத்தார். ரிகார்டைப் போட்டேன். ஆர்மோனியம், குழு, அப்புறம் அக்கா. அக்காவின் குரல்! கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில் ஊசி துள்ளியது. நாலு வார்த்தையைத் தாண்டிக் குதித்து முடிவுக்கு ஓடிவிட்டது. மறுபடி போட்டேன். அதே இடம், அதே துள்ளல்.

எதிர்வீட்டில் சிங்கப்பூர் டேப்ரிகார்டர் ஒன்று இருந்தது. அக்கா மெதுவாக, "முதல் சரணமாவது நல்லாருக்குல்ல. அதுல ஒரு காப்பி எடுத்து வெச்சிடலாமாடா?" என்றாள்.

"நாளைக்கி முடியட்டும்க்கா" என்றேன். என் கவனமெல்லாம் அந்தத் துள்ளலில்தான். நான் வாங்கியது மட்டம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அப்போது ஞாபகம் வந்தது: மாடம்பாக்கம் கோயில் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் பிளேயர் கையின் தலையில் ஒரு காசை வைத்திருப்பார். ஊசி துள்ளாமல் அழுத்திப் பிடிக்கத்தான். எல்லோரும் செய்ததுதான், நான் கண்டுபிடித்ததல்ல. ஓரம் வளைந்த ஒரு பத்துப் பைசாவை வைத்தேன். துள்ளியது. நாலணா. துள்ளியது. எட்டணாவை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நாளைக்கும் நிற்குமா என்று பயம். இன்னொரு தடவை போட்டேன். இன்னும் ஒரு தடவை. எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், தாண்டியதும் விடுவேன்.

"போதும்டா, தேஞ்சிடப் போவுது" என்றாள் அக்கா.

"அதெல்லாம் தேயாதுக்கா."

ஊசி நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ சுருண்டு நின்றது. தூசு என்று நினைத்து ஃபூ என்று ஊதினேன். அடுத்த தடவையும் இருந்தது, ஊதினேன். அது தூசு இல்லை, ரிகார்டின் துருவல் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் மாறிக்கொண்டு வந்ததும் எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டையா? துள்ளலைத்தானே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயசீலனும் அவர் அம்மாவும் வந்தார்கள். அக்கா நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அப்பா பிளேயருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கார்ட்ரிட்ஜ் என்ன விலைக்கு முடிந்தது என்பதை அவர்களுக்கே ஒருமுறை சொல்லிவிட்டார். நான் ஊசியை இறக்கினேன்.

ஆர்மோனியம் இரைந்தது. குழு கூச்சலாக வந்தது. அப்புறம் அந்தத் தனிக் குரல். தகர டப்பாவை ஆணியால் கீறுவதுபோல் கரகரவென்று வந்தது. ஒவ்வொரு நீட்டலும் கிழிந்து வந்தது. ஊசி ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. இரண்டு சரணமும் முழுசாகப் பாடித் தீர்த்தது. அக்காவைப் பார்க்கவே பயம். பார்த்தேன். அவள் பிளேயரைப் பார்க்கவில்லை, அந்த எட்டணாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. ஜெயசீலனின் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன்ல கெட்டுப்பூடுச்சோன்னு ஒரு வாரமா மனசே சரியில்லம்மா எனக்கு. அப்பவும் இதே தொண்டைதானா! பொறவிக் குரலு. அதுக்கு யார் இன்னா செய்ய முடியும்?" ஆறுதலாகத்தான் சொன்னார், நல்ல மனசோடு சொன்னார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை ஆன்ட்டி, நேற்று வரைக்கும் இதில் வேறு குரல் இருந்தது, நான்தான் மட்டமானதை வாங்கி, காசை வைத்துக் கீறிக் கெடுத்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாய் வரை வந்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். விழுங்கிவிட்டேன். நான் விழுங்கியதை அக்கா பார்த்தாள்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள், அந்தக் கரகரப்பில். "எப்பவும் இதே குரல்தான்."

கல்யாணம் நடந்தது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, திட்டியிருந்தால் தேவலை. பழைய குழுவினர் வீடு வீடாக ஏறி இறங்கினேன், வேறு ரிகார்டு கிடைக்கவில்லை. ஒரு நாள் அத்தானோடு மின்சார ரயிலில் போகும்போது பொறுக்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "காசை நான் அன்னிக்கே பாத்தேன் மச்சான். அத வுடு. அவ நெஜமா எப்படிப் பாடுவா? நீ கேட்டிருக்கியே, சொல்லேன்" என்றார்.

"நல்லாப் பாடுவா அத்தான்."

"நல்லான்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டார். செம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது கேட்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார். மெல்லிசா இருக்குமா, கணீர்னு இருக்குமா என்று அவரே எடுத்துக் கொடுப்பார். நான் ஏதாவது உளறுவேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பெண்டாட்டியின் குரலை மச்சானிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையை அந்த மனிதருக்கு நான்தான் உண்டாக்கினேன்.

மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அப்பா போய்விட்டார், அத்தானின் அம்மாவும் பிறவிக் குரல் என்ற நம்பிக்கையோடே போய்ச் சேர்ந்தார். பாடகர் குழுவில் அக்காவைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. நானே கேட்டுப் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. முதல் சரணம் வருகிறது, இரண்டாவது சரணமும் வார்த்தை பிசகாமல் வருகிறது. கரகரவென்றுதான் வருகிறது. வேறு குரல் எனக்கும் ஞாபகமில்லை.