ஆட்டுக்குட்டிக்குப் போட்ட கட்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் டீச்சர் பிரம்பை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இனிமேல் அடி கிடையாதாம். பிள்ளைகளுக்குள் வம்பு வந்தால் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச விடுவார்களாம். கோவில்பட்டியை ஒட்டிய அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் இந்தப் புது ஏற்பாட்டில் முதலில் மாட்டியவள் நான்தான்.

அப்போதுதான் ஆட்டுக்காரர் மகள் ஒருத்தி புதிதாகச் சேர்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் செல்லமாக வளர்த்த குட்டி ஒருநாள் அவள் பின்னாலேயே வந்து, சாப்பாட்டு நேரத்தில் வகுப்புக்குள் புகுந்து, என் அறிவியல் நோட்டில் பாதியைத் தின்று தீர்த்தது. வந்த கோபத்தில் ஜாமெட்ரி பாக்ஸை விட்டெறிந்தேன். இடது முன்னங்காலில் பட்டுக் குட்டி நொண்டியது. அவள் பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

டீச்சர் எங்களை வராந்தாவில் உட்காரவைத்தார்.

"என்ன நடந்துச்சு? யாருக்கு வலிச்சுது? இனி என்ன செஞ்சா சரியாவும்?"

"ரெண்டு அடி போட்டு விட்டுருங்க டீச்சர்" என்றேன். அதோடு முடிந்துவிடும் பாருங்கள். அவர் அவளைப் பார்த்தார்.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "கால் சரியாகுத வரைக்கும் இவதான் தெனமும் எங்க வீட்டுக்குக் குட்டி திங்க நெத்து கொண்டாரணும்."

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் வேலிக்கருவை மரத்தடியில் காய்ந்து உதிர்ந்த நெத்துக் காய்களைப் பொறுக்கி, பருத்திக்காட்டு வழியாக அவள் வீட்டுக்கு நடந்தேன். "ஏட்டி, நீ படிக்கப் போறியா, ஆடு மேய்க்கப் போறியா?" என்று அம்மா சத்தம் போட்டாள். குட்டியின் காலில் அவளுடைய அப்பா மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தார். முதல் இரண்டு நாள் அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் குடிக்கத் தண்ணீர் தந்தாள். அடுத்த வாரம் இருவரும் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தோம். குட்டி காலில் கட்டோடு மதில்மேல் தாவி ஏறியது. இந்த வலியிலும் இதற்கு என்ன தைரியம் என்று நான் வாயைப் பிளந்தேன்.

ஒருநாள் பார்த்தால் கட்டு வலது காலில் இருந்தது.

"இந்தக் காலுக்கும் வலி வந்துட்டு" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே. அந்தக் கள்ளியை இப்போது நினைத்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

பதறிப்போய் டீச்சரிடம் சொன்னேன். அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. எங்கள் வகுப்பிலிருந்து வேறு யாருமே அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. பாவம், இரண்டு காலுக்கும் சேர்த்துத் தின்னட்டும் என்று மறுநாளிலிருந்து இரண்டு பை நெத்து கொண்டுபோனேன்.