கதவை மறித்த மருமகன்

அருமைராசா என்ற பெயரைச் சிவநேசம் முதன்முதலில் கேட்டது ஒரு செத்தவீட்டில். பிரெஞ்சு கதைக்கிற இந்த மாகாணத்தில், வில்லரேயில், மலர்ச்சாலை வாசலில், கடும் குளிர். உள்ளே தேவாரம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே ஒருவன், வாகனங்களுக்குத் தண்டம் எழுதுகிற ஆளோடு வாய்க்குவாய் நிற்கிறான். கண்ணாடிக் கதவால் பார்த்தால் அவனுடைய வாயிலிருந்து ஆவி ஆவியாகப் போகிறதுதான் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"ஆரது, பிரேதத்தை உள்ளுக்கை வைச்சிட்டு வெளியிலை சண்டை பிடிக்கிறது?" என்று சிவநேசம் பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"அது அருமைராசா, அன்ரி. அளவெட்டிப் பரமசாமியின்ர கடைசி. உங்கட சின்னத்தான்ர மச்சாளுக்குப் பெறாமகன் முறை."

"தண்டம் அவனுக்கோ?"

"இல்லை. ஆற்றையோ காருக்கு."

 அரசாங்க உடுப்புப் போட்ட ஆட்களைக் கண்டால் தலையைக் குனிந்து போய்த்தான் சிவநேசத்துக்குப் பழக்கம். ஊரில் அப்படிக் குனிந்து போனவர்கள்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வருஷம் அதே அருமைராசாவை அவளுடைய மகள் கஜந்தினிக்குப் பேசி வந்தார்கள். சிவநேசம் வழி விசாரித்தாள். தாய்வழி நல்ல வழி, குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன்வழியில் ஒரு பெரியப்பன் இருந்திருக்கிறான். சங்கக்கடை மனேச்சரோடு கொளுவுப்பட்டு, எல்லோருக்கும் முன்னால், அரிசி வாங்குகிற தன் கூப்பன் புத்தகத்தைத் தானே கிழித்து எறிந்தவன். அந்த மாரி முழுவதும் அவனுடைய பிள்ளைகள் அயல்வீட்டுக் கஞ்சியில் கிடந்தார்கள். இதை மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அம்மா, அது பெரியப்பன். இவர் இல்லை."

கலியாணம் நடந்தது. மருமகனாக ஆளைக் குறை சொல்லக்கூடாது. குடி இல்லை, சூது இல்லை. ஜேர்மனியில் மாபிள் கல் பதிக்கப் பழகி வந்தவர், கை சுத்தம். ஆனால் இந்த மாகாணத்தில் கட்டட வேலைக்கு ஓர் அட்டை வேண்டும். அது இல்லாமல் வேலைத்தலத்தில் நின்றார் என்று அவரைப் பிடித்துத் தண்டம் போட்டார்கள். கொஞ்சக் காலம் கழித்து மறுபடியும் பிடித்தார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவருக்கு வேறு கதை இல்லை. "மாபிள் பதிக்க எனக்கு அரசாங்கம் ஏன் அனுமதி தரவேணும்? நான் என்ன மூளை ஒப்பரேசனே செய்யிறன்?" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய கதைதான்.

அந்த வீட்டின் உலை கஜந்தினியின் கையால்தான் கொதித்தது. தங்கள் வீட்டிலேயே அவள் ஆறு குழந்தைகளைப் பகலில் பார்த்தாள். இங்கே அதற்குக் கார்டெரி என்று பெயர். தாய்தகப்பன் கொடுப்பது சில்லறை, பெரும்பங்கை அரசாங்கம் கொடுத்துவிடும். சமையல், அவர்களோடு இருந்த சிவநேசம். அந்தத் தொழிலுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: மேற்பார்வைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார், வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும்.

இப்படி இருக்கும்போது அருமைராசாவுக்கு இல்-பிசார் தீவில் ஒரு பெரிய வீட்டின் குளியலறை வேலை வந்தது. வீட்டுக்காரர் யோரிஸ் என்று ஒருவர், பெல்ஜியத்தில் டச்சு கதைக்கிற பக்கத்து ஆள், பிளெமிஷ்காரர். அட்டை எங்கே என்று கேட்காதவர். வேலை முடிந்தும் அருமைராசா அங்கே போய்வந்தார். ஒருநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்து நின்றார்.

"மாமி, அந்த மனிசன் தன்ர நாட்டிலை ஒரு கட்சியிலை பெரிய ஆளாய் இருந்தவர். வரி குறைக்கவேணும், அரசாங்கம் சனத்தின்ர வீட்டுக்குள்ளை தலை போடக்கூடாது எண்ட கட்சி. துவங்கின கையோடை பாராளுமன்றத்துக்கே போனவையாம்."

"இப்ப அந்தக் கட்சி எங்கை, தம்பி?"

"இப்ப இல்லை. தங்களுக்குள்ளை பிடுங்குப்பட்டு, அடுத்தடுத்த தேர்தலிலை கரைஞ்சுபோச்சு. இஞ்ச புதிசாய் ஒண்டு துவங்கப்போறார்."

"கரைஞ்சதையோ இஞ்ச கொண்டந்து நடப்போறார்?"

"உங்களோடை கதைக்கேலாது, மாமி," என்று சிரித்துக்கொண்டு கை கழுவப் போனார்.

யோரிஸ் இங்கே தொடங்கிய கட்சிக்குக் கட்டற்றோர் கட்சி என்று அருமைராசா தமிழில் பெயர் வைத்தார். நம்முடைய சனம் அதை வரிவேண்டாக் கட்சி என்றது. மாகாணத் தேர்தல் வந்தது. வில்லரேப் பக்கத்துக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சியில் பதிந்தவர்கள் கூடி வோட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள் என்றார்கள். அருமைராசா தொலைபேசியை எடுத்தார். "நான் பரமசாமியின்ர கடைசி கதைக்கிறன்" என்று தொடங்கினால் போதும். நம்முடைய ஆட்கள் என்ன கொள்கை என்று கேட்பதில்லை, யாருடைய பொடியன் என்றுதான் கேட்பார்கள். ஊர்ச்சங்கத்தில் பதிவதுபோல மாமன், மச்சான், சம்பந்தி, சம்பந்தியின் தமக்கை என்று எல்லோரும் பதிந்தார்கள். கார்டெரிக்குப் பிள்ளை விடுகிற தாய்மாரும் பதிந்தார்கள். கஜந்தினியின் புருஷனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. யோரிஸின் கூட்டாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். அருமைராசா வென்றார். ஊர்ச்சங்கத் தலைவர் குணரத்தினம் மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்தினார்.

"இது என்ன, குளித்த பிறகு போடுகிறதா?" என்று யோரிஸ் பிரெஞ்சில் கேட்டதும் மண்டபம் சிரித்தது. சுவரோடு நின்றவர்களும் சிரித்தார்கள். சிவநேசம் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டுக்குள் அந்நியர் வந்து கதிரையில் இருந்துவிட்டதுபோல அவர்கள் நின்றார்கள்.

குளிர்காலம் தொடங்க முன் ஒரு பின்னேரம், பிள்ளையை எடுக்க வந்த நிரோஜா வெளிப்படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். எப்போதும் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துப்போகிறவள்.

"அன்ரி, அண்ணை ரீவியிலை சொன்னதைக் கேட்டனீங்களோ?"

"எனக்கெங்கை பிள்ளை பிரெஞ்சு விளங்குது?"

"கார்டெரிக்கு அரசாங்கம் ஒரு சதமும் குடுக்கக்கூடாதாம். பெத்தவை தாங்களே பாக்கவேணும், இல்லாட்டி முழுக்காசும் கட்டவேணுமாம். நாங்கள் எல்லாரும் அதுக்கோ பதிஞ்சனாங்கள்?"

அன்றைக்குச் சிவநேசம் மருமகனுக்குச் சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்தாள்.

"தம்பி, இந்தச் சோறு எங்கையிருந்து வந்தது?"

"மாமி, அது கொள்கை. நாளைக்கே நடக்கப்போற காரியமே?"

"வெளியிலை சொன்ன வாய் வீட்டுக்குள்ளையும் வரும், தம்பி."

"அம்மா, விடுங்கோ," என்றாள் கஜந்தினி. "இவர் என்ன வெல்லவே போறார்?" அருமைராசா தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். சாப்பாடு பாதியில் நின்றது.

அதன் பிறகு வீட்டுக்குள் காற்று மாறிவிட்டது. ஒரு தாய் பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றினாள், காரணம் சொல்லவில்லை. யாருடையதென்று தெரியாத ஒரு சாம்பல் நிறக் கார் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டுப் போகத் தொடங்கியது. அருமைராசா குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் பேசிப் பழகினார். கதவுக்கு இந்தப் பக்கம் நித்திரையாகக் கிடந்த குழந்தைகள் திடுக்கிட்டு எழும்பின. சிவநேசம் முன்கதவில் மணி அடிக்கிற போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றாள். யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது.

வந்தாள். கார்டெரியில் பாதுகாப்புக் குறை என்று யாரோ அறிவித்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மேற்பார்வைக்காரி, தோளில் பையோடு ஒரு நடுவயதுப் பெண், "பொஞ்சூர்" சொல்லிவிட்டு, உள்ளே வரக் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். கெட்ட காலத்துக்கு அன்றைக்கு அருமைராசா வீட்டில். கட்சிக்குப் படம் பிடிக்க ஒருவரும் வந்திருந்தார். அருமைராசா எழும்பிப் போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். படக்காரர் பின்னால் நின்று கமராவைத் தூக்கினார்.

"நீதிமன்றக் கட்டளை இருக்கா? இது என் வீடு," என்றார் பிரெஞ்சில்.

"முசியே, நான் குழந்தைகளைப் பார்க்க வந்திருக்கிறேன்."

"குழந்தைகள் சுகம். போகலாம்."

சிவநேசம் ஓடிவந்தாள். "தம்பி, கையை எடுங்கோ. அவ வரட்டும். வந்து பாத்திட்டுப் போகட்டும்."

"மாமி, நீங்கள் உள்ளுக்கை போங்கோ."

"கஜந்தினியின்ர வேலையடா தம்பி!" மருமகனை அவள் அடா போட்டது அன்றைக்குத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கமராவைத்தான் ஒருதரம் பார்த்தார்.

பின்னறையில் ஒரு குழந்தைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த கஜந்தினி, அதைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அந்தப் பெண் மறுபடி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. "சரி, முசியே," என்றாள். ஐஸ் பிடித்த படிகளில் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். அவள் கத்தியிருந்தால் சிவநேசத்துக்கு அவ்வளவு பயம் வந்திராது.

அந்தப் படம் கைத்தொலைபேசிகளில் எங்கும் ஓடியது. வீட்டு வாசலைக் காத்த வீரன் என்று முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள். கட்சியில் புதிதாகச் சனம் சேர்ந்தது. யோரிஸ் வீடு தேடி வந்து அருமைராசாவைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கிழமைதான் கார்டெரி அலுவலகத்திலிருந்து கஜந்தினியைக் கூப்பிட்டு, அனுமதியை நிறுத்தியிருக்கிறோம் என்றார்கள். கொஞ்ச நாளில் முற்றாக எடுத்துவிட்டார்கள். தாய்மார் குழந்தைகளின் பைகளையும் போர்வைகளையும் எடுத்துப் போனார்கள். நிரோஜாவுக்கு வேறிடம் கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

தேர்தலில், கட்சியில் பதிந்த ஊர்ச்சனத்தின் அளவுக்குக்கூட அருமைராசாவுக்கு வோட்டு விழவில்லை. குணரத்தினத்தை அவர் மறித்துக் கேட்டார்.

"அண்ணை, நீங்களுமோ?"

"தம்பி, பதிஞ்சது உன்ர கொப்பர் பரமசாமிக்காக. வோட்டு என்ர பேரப்பிள்ளையின்ர கார்டெரிக்கு."

கட்சியும் நிலைக்கவில்லை. சுவரோடு நின்றவர்கள், ஓர் ஊர்க்கூட்டம் வந்து கட்சியைக் கெடுத்தது என்றார்கள். யோரிஸும் அதையே சொல்லிவிட்டு வேறொரு பெரிய கட்சிக்குப் போனார். மற்றவர்கள் ஆளையாள் வெளியேற்றினார்கள். பிறகு அப்படியொரு பெயரையே ஒருவரும் சொல்வதில்லை.

கஜந்தினிக்கு ஒரு வழி இருந்தது. புருஷனும் அலுவலகத்துக்கு வந்து, இனி யார் வந்தாலும் கதவைத் திறப்பேன் என்று வாயால் சொன்னால், புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

"இஞ்சாருங்கோ, ஒரு சொல்லுத்தானே. எனக்காகச் சொல்லுங்கோ," என்றாள்.

அவர் வெளிக்கிட்டுப் போனார். அலுவலகத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, இறங்காமலே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். "என்னாலை ஏலாது" என்றார். கஜந்தினி அழவில்லை. "அப்ப இந்த விலாசத்திலை நீங்கள் இருக்கேலாது. நீங்கள் இல்லாட்டி என்னட்டை மட்டும்தான் கேப்பினம்," என்றாள். அவர் தாயையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மாபிள் வெட்டுகிற மெசினைக் காரில் ஏற்றினார்.

கஜந்தினி இப்போது இன்னொருத்தியின் கார்டெரியில் சம்பளத்துக்கு நிற்கிறாள். அவளுடைய விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அருமைராசா ஒன்ராறியோ எல்லைக்கு அங்கால், மாபிள் பதிக்க அட்டை கேட்காத கோர்ன்வாலில் இருக்கிறார். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் மாத வாடகைக்கு அறை எடுத்து, அந்த மோட்டலுக்கே மாபிள் பதித்துக்கொண்டு தனியாக இருக்கிறார்.