கடல் தெரியாது, சத்தம் கேட்கும்

போன வாரம் எங்கள் ஊரப்பாக்கம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இரண்டாம் மாடிப் பெண் ஓர் இணைப்பைப் போட்டாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள், அதற்காகச் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்கியிருக்கிறாள். "எல்லாரும் பாத்துட்டு ஃபீட்பேக் குடுங்க" என்று கைகூப்பும் படத்தோடு கேட்டிருந்தாள். உடனே நெருப்பும் இதயமுமாகப் படங்கள் கொட்ட ஆரம்பித்தன. 'சூப்பர்', 'வேற லெவல்', 'செம சிஸ்'. போட்டவர்களில் பாதிப் பேர் அந்த இணைப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஏனென்றால் நான் தொட்டுப் பார்த்தேன். அது திறப்பதற்குள் என் காபி ஆறிப்போனது.

கேட்டாளே என்று உட்கார்ந்து எழுதினேன், பைத்தியக்காரி. படங்கள் அழகாக இருக்கின்றன, அதிலும் அந்தப் பலாப்பழக் கேக். ஆனால் எப்படி ஆர்டர் கொடுப்பது என்று தேடியும் கிடைக்கவில்லை. வெளிர் ரோஜா நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் நம்பரை மேலே பெரிதாகப் போட்டால் போதும். இவ்வளவுதான் எழுதினேன். சாயங்காலம் லிஃப்டில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "ஏன் ஆன்ட்டி, குரூப்ல எல்லார் முன்னாடியும் நெகட்டிவா போடணுமா?"

கேட்டதும் அவள்தான், குரூப்பில் கேட்டதும் அவள்தான். 'ஆன்ட்டி'க்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை (கொஞ்சம் வந்தது). அந்த 'நெகட்டிவ்'தான் உள்ளே எதையோ கிளறிவிட்டது. அந்தச் சொல்லை இந்த அர்த்தத்தில் நான் முதலில் கேட்டது மாமல்லபுரத்தில், ஒரு வீட்டு மாடியில். ஒரு குடும்பத்தின் நல்ல பெயரை அது தின்று ஏப்பம் விட்டதை என் கண்ணால் பார்த்தேன். உங்களிடம் சொல்லாவிட்டால் இந்த வயிற்றெரிச்சல் அடங்காது.

அப்போது நான் செங்கல்பட்டில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இன்றைக்கும் அச்சு மை கழுவும் தின்னர் வாசனை வந்தால் என் விரல்கள் தாமாக அதை அடிக்கத் தேடும். கடைக்கு மேல்மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். ஈரக் கார்ப்பெட் நாற்றம், ஏசி என்ற பெயரில் ஒரு முனகல், தெருவிலிருந்து ஏறிவரும் சமோசா எண்ணெய்ப் புகை. வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வலைப்பூக்கள் பூத்துக் குலுங்கிய காலம் அது. ஆளுக்கொரு வலைப்பூ. திறந்தால் நட்சத்திரம் கொட்டும், பாட்டு அலறும், மவுஸ் சுட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கடிகாரம் சுற்றும். நானும் சும்மா இருக்கவில்லை. என் பக்கத்தில் மல்லிகைப்பூ பெய்தது. எழுத்தே தெரியாத அளவுக்குப் பெய்தது.

அதைச் சொன்னவன் இருதயராஜ். என்னோடு பள்ளியில் படித்தவன், திருக்கழுக்குன்றத்துக்காரன். செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எப்போதும் அவன் மேல் ஸ்பிரிட் வாடை அடிக்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வலைப்பூவைத் திறந்தான். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். "நா இப்போ படிச்சிகினு கீறேன். பூ வந்து வுழுந்துச்சி. எந்த வரில வுட்டேன்னு தெர்ல. மறுபடி மொதல்ல இருந்து படிக்கிறேன். திரும்ப வுழுந்துச்சி. எனக்குக் கண்ணு வலிக்குது, நா போறேன்." எழுந்தே போய்விட்டான். நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். மறுநாள் மல்லிகையை நிறுத்தினேன்.

அவனுடைய முறை அதுதான். தீர்ப்புச் சொல்ல மாட்டான். அந்தப் பக்கத்தில் தனக்கு என்ன ஆகிறது என்று மட்டும் சொல்வான். "நல்லா கீதுன்னு சொல்றதும் ஒண்ணும் சொல்லாத வுடறதும் ஒண்ணுதாம்மே" என்பான். அந்தக் காலத்துப் பின்னூட்டங்களை நினைத்துப் பாருங்கள். 'அருமை, தொடருங்கள்.' முதல் ஆளாக வந்துவிட்டதைக் காட்ட 'மீ த பர்ஸ்ட்டு.' ஒருவர் தன் அப்பா இறந்துபோனதை எழுதியிருந்தார், அதன் கீழேயும் 'மீ த பர்ஸ்ட்டு'. இதைப் பார்த்து வெறுத்துத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பக்கம் தொடங்கினோம். சிறு தளம் நடத்துகிறவர்கள் இணைப்பை அனுப்பினால், முழுக்கப் படித்துவிட்டு, எங்கே நின்றோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்று எழுதுவோம். கருங்குழியிலிருந்து ஒரு டியூஷன் வாத்தியார் அனுப்புவார், எங்கிருந்தோ ஒரு நாட்டுக்கோழிப் பண்ணைக்காரர் அனுப்புவார். சண்டைக்கும் வருவார்கள். ஆனால் மாற்றுவார்கள். மாற்றிவிட்டு, "இப்போ பாருங்க" என்று மறுபடி வருவார்கள். அந்த 'இப்போ பாருங்க'வுக்காகத்தான் நாங்கள் எழுதினோம்.

அப்படி வந்தவள்தான் லில்லி அக்கா. இருதயராஜின் பெரியம்மா மகள். அவர்கள் குடும்பமே ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அவள் வீட்டுக்காரர் தாஸ் அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டிச் சேர்த்ததில் மாமல்லபுரத்தில் ஒரு சந்துக்குள் வீடு கட்டி, மாடியில் இரண்டு அறை எடுத்து, வருகிற பயணிகளுக்கு விட்டார்கள். லில்லி அக்கா தானே ஒரு இலவச வலைப்பூ தொடங்கி, தமிழிலும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் எழுதியிருந்தாள். கறுப்புப் பின்னணி, ரோஸ் எழுத்து, சுட்டியைத் துரத்தும் பட்டாம்பூச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். வீடெல்லாம் நண்டுக் குழம்பு வாசனை. வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து, அக்காவை எதிரில் உட்காரவைத்து இருதயராஜ் வழக்கம்போல ஆரம்பித்தான். "நா பெங்களூர்ல கீறேன். ரூம் வோணும். போன் நம்பர் தேடிகினு கீறேன். பட்டாம்பூச்சி குறுக்க வருது. நம்பர் இல்ல. நா வேற ஓட்டல் பாத்துக்கிறேன்."

"பட்டாம்பூச்சி எம் பொண்ணு வெச்சதுடா" என்றாள் அக்கா. முகம் சிவந்துவிட்டது. "நம்பரு கீழ கீதுல்ல. எறங்கி வந்து பாக்கறதுக்கு இன்னா கேடு?"

"எறங்க மாட்டான்க்கா. நீ எறங்குவியா?"

அவள் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. நான் அதற்குள் பக்கம் முழுவதையும் படித்து முடித்தேன். பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை இரண்டு தடவை படித்தேன். 'எங்கள் மாடியிலிருந்து கடல் தெரியாது, சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டில் கல் செதுக்குவார்கள், விடிந்தபிறகு தூங்க முடியாது. கொசு உண்டு, வலை தருகிறோம். சாப்பாடு நாங்கள் சாப்பிடுவதுதான், காரம் குறைக்கச் சொன்னால் குறைப்போம், அப்புறம் ருசி இல்லை என்று சொல்லக்கூடாது.'

அடுக்களைக்குப் போய், "அக்கா, இதுல ஒரு எழுத்த நீ மாத்தக்கூடாது" என்றேன். "பட்டாம்பூச்சிய மட்டும் எடு. வெள்ளையில கறுப்பு எழுத்து. நம்பர் மேல. உன் வூட்டு வாசல் போட்டோ ஒண்ணு. போதும்."

அடுத்த வாரமே மாற்றிவிட்டு, இப்போ பாருங்க என்று போன் செய்தாள். அதற்குப் பிறகு அறைகள் காலியாகக் கிடந்தது அபூர்வம். பிரான்ஸ் நாட்டு ஆசிரியை ஒருத்தி, ஊரில் எல்லா விடுதியும் கொசுவே இல்லை என்று எழுதியிருக்கும்போது வலை தருகிறோம் என்றவளை நம்பித்தான் வந்தேன் என்று சொன்னாளாம். வருஷா வருஷம் வந்தாள். அக்கா அதை எங்களிடம் சொல்லும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் அந்த ஆள் நுழைந்தான். தாஸ் அண்ணன் வேனில் ஏறிய சென்னை ஆசாமி, வெப்சைட் செய்துகொடுக்கும் கம்பெனி வைத்திருப்பவன். வந்த அன்று நானும் அந்த மாடியில் இருந்தேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தைக் கடகடவென்று கீழே தள்ளினான். ஒரு வரி படிக்கவில்லை. அவன் கண் எங்கேயும் நிற்காததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது வீடு மாதிரி இருக்கு. ரிசார்ட் மாதிரி இருக்கணும். கடல் தெரியாது, கொசு இருக்குன்னு யாராவது போடுவாங்களா? எல்லாம் நெகட்டிவ்."

"வூடுதான சார் இது" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். தாஸ் அண்ணனும் சேர்ந்து சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வாயைத் திறந்து, இந்த வரிகளுக்காகத்தான் ஆள் வருகிறார்கள் என்றேன். "நீங்க டிசைனரா மேடம்?" என்று கேட்டான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன் என்று சொன்னேன். "ஓ" என்றான். அந்த 'ஓ' இன்னும் என் காதில் கிடக்கிறது. படித்துவிட்டுக் குறை சொல்ல ஒரு தகுதியும் இல்லாதவள் நான். படிக்காமலே வழித்தெறிய அவனுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

புது வெப்சைட் வந்தது. திறந்தால் நீலநிற நீச்சல் குளம். அதன் ஓரத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார ஜோடி. கதவைத் திறந்தால் கடல். எந்த நாட்டுக் கடலோ. தமிழ் முழுக்கப் போயிற்று. பழையது இருந்தால் தேடுகிறவர்களுக்கு அதுதான் மேலே வரும் என்று சொல்லி, அக்காவிடம் பாஸ்வேர்டை வாங்கி, வலைப்பூவையும் அழித்துவிட்டான். இருதயராஜுக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா ஒவ்வொரு நாளும் போன் போட்டு, குளத்துப் படத்தை எடுங்கள் சார் என்று கேட்டாள். அது சாம்பிள் படம், எல்லாரும் போடுவதுதான் என்றான் அவன்.

கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அன்று நான் அங்கே இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். சின்னப் பெண் காரிலிருந்து இறங்கும்போதே நீச்சல் உடை போட்டிருந்ததாம், நெற்றியில் நீச்சல் கண்ணாடி. சந்துக்குள் ஓடிவந்து, துணி காயும் கொடியைப் பார்த்துவிட்டு, குளம் எங்கே என்று அக்காவைக் கேட்டிருக்கிறது. அப்பாக்காரர் தெரு கூடும்படிக் கத்தினார். ஏமாற்றுக்காரி என்றார். போலீஸுக்குப் போவேன் என்றார். பக்கத்து வீட்டில் உளி நின்றுவிட்டது. எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

"நா ஒண்ணும் பேசலம்மே" என்றாள் அக்கா என்னிடம். "அந்தப் பாப்பா அயுதுச்சி. அத்தப் பாத்துகினே நின்னேன்."

ஏமாற்றுக்காரி. கொசு இருப்பதைக்கூட ஒளிக்காதவளை. உங்களுக்குக் கோபம் வருகிறதா இல்லையா? எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் வருகிறது.

அந்தக் குடும்பம் போய் இணையத்தில் எழுதியது. அவர்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. அடுத்தடுத்து இன்னும் சிலர் எழுதினார்கள். இருதயராஜ் சென்னைக்குப் போய் அந்தக் கம்பெனி வாசலில் நின்றான். வெப்சைட் முகவரியே கம்பெனி முதலாளி பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, அதனால் யாரும் கேட்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் கம்பெனியையும் மூடிவிட்டு அந்த ஆள் வேறு எங்கோ போய்விட்டான். முகவரி யார் யார் கைக்கோ மாறியது. இப்போது லில்லி அக்கா வீட்டின் பெயரை அடித்தால் சீட்டாட்டம் வருகிறது. விளையாடுங்கள், ஜெயியுங்கள் என்று ராணி கண்ணடிக்கிறாள்.

எங்கள் பக்கமும் போயிற்று. இணையத்தில் அதற்கு இடம் கொடுத்த நிறுவனம் கடையைச் சாத்தியபோது டியூஷன் வாத்தியாரும் கோழிப்பண்ணைக்காரரும் போட்ட சண்டைகளும் சேர்ந்து மறைந்தன. பிரவுசிங் சென்டர் இருந்த மாடியில் இப்போது பல் டாக்டர். இருதயராஜ் வளைகுடாவில் இருக்கிறான். எதை அனுப்பினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போடுகிறான். அவனா இவன் என்று இருக்கிறது.

போன மாதம் மாமல்லபுரம் போயிருந்தேன். மாடி அறைகளில் இப்போது ஓட்டலில் வேலை செய்யும் வெளிமாநிலப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். தாஸ் அண்ணன் படுக்கையில். லில்லி அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக, அந்த வலைப்பூவில் நீ எழுதினது எங்கயாவது பிரதி கிடைக்குமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் அக்கா, கிடைக்கவில்லை என்றேன்.

அவள் டீ வடிகட்டியைத் தட்டி வைத்தாள்.

"அது போனா போவுது. நா ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சிகினு கீறேன். அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தாளு ஒரு தபா படிச்சிருப்பான்றியா?"

அன்று மாடியில் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எனக்குப் பதில் தெரியும். டீயைக் குடித்து முடித்தேன்.