ஒன்பதரை அம்மா வராத இரண்டு நாட்கள்

பள்ளிக்கூடத்து அலுவலக அம்மா செவ்வாய்க்கிழமை செத்துப்போய், வியாழக்கிழமை காலை எழுந்து வந்து மணி அடித்தார் என்று ஒரு பேச்சு எங்கள் பகுதியில் கிளம்பியது. கிளப்பியது முடிதிருத்தும் கடை. அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. வெள்ளைத் துணி போர்த்திய ஸ்ட்ரெச்சரை நேரில் பார்த்தவர்கள் மட்டும் நான்கு பேர் கிடைத்தார்கள். நடந்தது கத்தோலிக்கப் பள்ளியில் என்பதால் 'மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்' என்ற கணக்கு பங்குத்தந்தைக்குச் சங்கடமாக இருந்தது. "அந்த இடத்துக்கு ஏற்கனவே ஒருத்தர் இருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மாதம் ஆகியும் பேச்சு அடங்காததால் விசாரிக்கப் போனேன். செத்தவர் அலுவலகத்தில், மாவுக்கட்டுப் போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சாகல தம்பி," என்றார். "செத்திருந்தாலும் இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுதான் விஷயம்."

விஷயம் புரிய வேண்டுமானால் பள்ளியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அச்சடித்த வரலாற்று மலர் ஒன்று இருக்கிறது. கூரை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு புகைப்படம். ஒவ்வொரு புகைப்படத்திலும் ஒரு ஆயர், பிஷப் அங்கியோடு. அதில் இல்லாதது இது. எழுபது வருடங்களுக்கு முன் நான்கு கன்னியாஸ்திரிகள் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு மொழி, ஆளுக்கு ஒரு சாமி. இரண்டாம் வருடம் ஒரு பெண் குழந்தை ஒன்பது நாள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பத்தாம் நாள் தலைமைச் சிஸ்டர் வீட்டைத் தேடிப் போனார். காய்ச்சல் அம்மாவுக்கு. அந்த ஏழு வயசு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு விதி: நாற்காலி காலியாக இருந்தால் அன்றைக்கே, ஒன்பதரைக்குள், ஏன் என்று கேட்டாக வேண்டும். முதலில் நடந்து போய்க் கேட்டார்கள், பிறகு சைக்கிளில், பிறகு டெலிபோனில்.

அந்த டெலிபோன் முன்னால் இருபத்திரண்டு வயதில் வந்து உட்கார்ந்தவர்தான் இவர். இப்போது அறுபத்தொன்று. பிள்ளைகள் வைத்த பெயர் ஒன்பதரை அம்மா. கன்னியாஸ்திரிகளில் இப்போது மிச்சம் தலைமை ஆசிரியையான சிஸ்டர் ஒருவர்தான். முகப்பில் இருபத்திரண்டு மொழிகளில் 'வருக' என்று பலகை. அதில் ஒன்று ஆறு வருடம் தலைகீழாகத் தொங்கியது. அந்த மொழிக்காரப் பிள்ளை ஒன்று சேர்ந்த அன்றுதான் தெரிந்தது. நுழைவாயிலில் பள்ளியின் நோக்கம் கண்ணாடிச் சட்டத்தில் பதினோரு வரி. அவரிடம் இருப்பது ஒரு நோட்டு. அதில் இருபத்திரண்டு மொழியில் ஒரே கேள்வி: குழந்தை ஏன் வரல, எல்லாரும் சௌக்கியமா? படித்துக் காட்டச் சொன்னேன். ஏழாவது மொழியில் அவருடைய குரலே மாறி, யாரோ ஒரு சித்தி மாதிரி இருந்தது.

அவர் வீடு பள்ளியிலிருந்து மூன்று நிறுத்தம் தள்ளி, மூன்றாவது மாடி. அவரைப் பெற்ற அம்மா இருந்தவரை இரண்டு பேர். எட்டு வருடமாக ஒருவர். வெளியூரில் ஒரு தம்பி உண்டு. பிறந்தநாளுக்குத் தவறாமல் மறுநாள் கூப்பிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, மேல் தட்டில் இருந்த டப்பாவை எடுக்க முக்காலியில் ஏறி, சமையலறை அலமாரியைப் பிடித்தார். அலமாரி கூடவே வந்துவிட்டது. விழுந்தவர் கணுக்கால் மேல் அது படுத்துக்கொண்டது. செல்போன் கூடத்தில் சார்ஜில். கைக்கு எட்டியது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு கரண்டியும்.

"கரண்டியால தரையத் தட்டினேன். கீழ் வீட்டுக்காரர் என்னமோ சாமான் நகத்துறேன்னு நினைச்சு, துடைப்பக் கட்டையால திருப்பித் தட்டினாரு. நான் நாலு தட்டு, அவரு அஞ்சு தட்டு. மனுஷன் விட்டுக்கொடுக்கவே இல்ல."

"அப்புறம்?"

"எட்டே முக்கால் ஆச்சு. சரி, மணி அடிப்பாங்க, என் நாற்காலி காலியா இருக்கும், ஒன்பதரைக்குள்ள ஃபோன் வரும், எடுக்கலன்னா ஆள் வரும்னு தைரியமாப் படுத்திருந்தேன். ஒன்பதே முக்கால் ஆனப்புறம்தான் உறைச்சுது. ஃபோன் பண்றவளே நான்தானே? எனக்கு யாரு பண்ணுவா?"

சிரித்தார். நான் சிரிப்பதற்குள் நிறுத்திவிட்டார்.

பள்ளியில் அன்று என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். அவர் ஆயர் இல்லத்துக்குப் போயிருப்பார் என்று சிஸ்டர் நினைத்தார். சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும் என்று ஆசிரியைகள் நினைத்தார்கள். பல் வைத்தியரிடம் போவதாகப் போன மாதமே சொன்னாரே என்று காவலாளி நினைத்தார். எல்லோரும் நல்லபடியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளுக்கு வரி உண்டு, ஆசிரியைகளுக்கு வரி உண்டு. பதிவேட்டை எழுதுகிறவருக்கு வரி கிடையாது. செவ்வாய் பதினோரு நாற்காலிகள் காலி, புதன் ஒன்பது. ஒரு வீட்டுக்கும் அழைப்பு போகவில்லை.

புதன் மதியம் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற பெண் ஒருத்தி, கை மாவோடு பள்ளிக்குள் நுழைந்தாள்.

"என் பொண்ணு ஒரு வாரமா அம்மை போட்டுப் படுத்திருக்கா. தினமும் ஒன்பதரைக்கு ஃபோன் வந்துச்சு. நேத்தும் இன்னைக்கும் ஏன் வரல?"

மூன்றாம் வகுப்பு ஆசிரியை பதறிப்போய், "மன்னிச்சுக்கோங்கம்மா, இனிமே கண்டிப்பா..." என்று ஆரம்பித்தார்.

"உங்க மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ண? அந்த அம்மா எங்க? அதைச் சொல்லுங்க முதல்ல!"

அப்போதுதான் எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். மழை பெய்ததால் தலையையும் மூடித் துணி போர்த்தி இறக்கினார்கள். முடிதிருத்தும் கடைக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய வாடகை வண்டியை இவர் பள்ளிக்குத் திருப்பி, ஊன்றுகோலோடு இறங்கி மணியை அடித்தார். மூன்றாம் நாள் வந்த கதை அவ்வளவுதான். சிஸ்டர் கையோடு வீட்டுக்கு விரட்டினார்.

வதந்தியில் வராத பகுதி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பார்த்தது செல்போனை. விழுந்து கிடந்த நேரத்தில் ஒரே ஒரு அழைப்பு வந்திருந்தது. ஆயுள் காப்பீட்டுக்காரர்கள்.

பள்ளி வெட்கப்பட்டது, அதை மறுக்க முடியாது. நான்காம் வகுப்புப் பட்டியலின் அடியில் அவருக்கும் ஒரு வரி சேர்த்தார்கள். மூன்று வாரம் ஓய்வு. முதல் இரண்டு நாள் சிஸ்டரே கூப்பிட்டார். மூன்றாம் நாள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அதற்குள் வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தானாகவே பேசும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டார்கள். வரியில் பெயர் இருந்ததால் அது இவரையும் விடவில்லை. தினமும் ஒன்பது இருபதுக்கு, யார் வீட்டிலும் கேட்டிராத ஒரு இனிமையான குரல்: "உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை."

"கல்யாணமே ஆகாதவளுக்கு," என்றார். "ஆனா கட் பண்ண மாட்டேன் தம்பி. நன்றி, வணக்கம் வரைக்கும் கேப்பேன்."

"திட்டியிருக்கலாமே?"

"யாரைத் திட்ட? அது சொல்லும், அவ்வளவுதான். ஏன் வரலன்னு கேக்காது."

திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அந்த இரண்டு நாள் பட்டியலை எடுத்து வைத்தது. இருபது காலி நாற்காலிகள், கேட்காமல் விட்ட இருபது கேள்விகள். தன் கணக்கில் பாக்கி என்று சொல்லி ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட ஆரம்பித்தார். போன மாதம் செவ்வாய்க்கிழமை உங்க பையன் வரல, ஏன்னு அன்னைக்குக் கேக்கல, எல்லாரும் சௌக்கியமா? சிலர் குழம்பினார்கள். ஒருவர் புதுவிதமான மோசடி என்று நினைத்து வைத்துவிட்டார். ரொட்டிக்கடைப் பெண், "உங்க ரெண்டு பாக்கியையும் நான் நேர்லயே வந்து வசூல் பண்ணிட்டேன்ல?" என்று கேட்டுவிட்டு, மாவு பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க அவளுக்கு நேரம் இல்லை.

பத்தொன்பது தீர்ந்தது. இருபதாவது, இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் சிறுமி. செவ்வாய்க்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். அலுவலக அம்மா இல்லாத அலுவலகத்தில் பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஏன், எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"செவ்வாக்கிழமையே கூப்பிட்டிருந்தா கேட்டிருப்பேன்," என்றார். "அதுங்க மொழியில ரெண்டு வார்த்தை கூடவே தெரியும் எனக்கு."

நான் எழுந்தபோது ஒன்பது முப்பத்தொன்று. இயந்திரம் தன் வேலையை முடித்து ஓய்ந்திருந்தது. அவர் நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி போனது. எடுக்கவில்லை. பட்டியலில் அந்த இருபதாவது பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தார். ஏற்கனவே அங்கே ஏழு புள்ளிகள் இருந்தன.