மூன்றாவது விஸ்கியின் வாசனை

“எவ்ளோ மழ பேஞ்சாலும் தண்ணியே வராது சார்” என்று சொல்லி எனக்கு முடிச்சூரில் மனை விற்ற புரோக்கர் அண்ணன், செம்பாக்கத்தில் மேடான இடத்தில் கட்டிய தன் புது வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். மூன்று விதமான விஸ்கி வைத்திருந்தார். சோடா ஊற்றவே விடவில்லை. முதலாவது தேன்போல் இனித்தது. இரண்டாவதில் மிளகுக் காரம்.

“மூணாவத மோந்து பாரு சார். புகையும் ஈர மண்ணும் கலந்து வரும்.”

முகர்ந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு கதவைத் திறந்தபோது என் வீட்டில் அடித்த அதே வாடை. சேறு, ஊறிப்போன மெத்தை, பினாயில்.

“அண்ணா, நீங்க வித்த எடத்துல கட்டுன என் வீட்டு வாசனை இது” என்றேன்.

“கரெக்டா சொன்ன சார்! உனக்கு நல்ல மூக்கு கீது” என்று சிரித்தபடி பாட்டிலை எடுத்தார்.

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எத்தனையோ வருடம் நினைத்திருந்தேன். அன்று என் கை கிளாஸைத்தான் நீட்டியது.